‘என் கணினியில் ஓடுகிறதே!’ – ஒரு மறுப்புரை

மென்பொருள் உலகில் வழிவழியாக வரும் மறுமொழி ஒன்று உண்டு. ஒரு நிரலில் பிழை இருக்கிறதென்று அதை ஆக்கியோருக்கு எழுதினால், ‘என் கணினியில் ஓடுகிறதே!’ என்று விடை வரும். உண்மையில் அது விடையே அன்று. ‘இந்த அடியில் ஒரு சீர் குறைகிறதே’ என்று கேட்பவனிடம் ‘என் ஏட்டில் இப்படித்தான் இருக்கிறது’ என்று பதிப்பாசிரியர் சொல்வதற்கு ஒப்பானது. சென்ற ஆண்டு அந்த விடை நமக்கும் கிடைத்தது. அதைப் பெற்றுக்கொண்டு வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை.

இலக்கிய வாசகர்களிடையே இயங்குதளங்களைப் பற்றிய வழக்கு எதற்கு என்று கேட்கலாம். வழக்கு ஒரு தமிழ் நூலிலிருந்தே தொடங்குகிறது என்பதுதான் காரணம்.

நமது துறையில் மாணவர்களைக் கொண்டு கலித்தொகைக்கு ஒரு சொல்லடைவு ஆக்கினோம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பாடல் எண், அடி எண். கையால் செய்தால் ஆண்டுகள் ஆகும் வேலை என்பதால், திறந்த மூலநிரலாகக் கிடைக்கும் அடைவு நிரல் ஒன்றைத் துணைகொண்டோம். அதன் பெயர் ஈண்டு வேண்டா. லினக்ஸ் கணினியில் அது விரைவாக ஓடியது. பல பக்கங்களைக் கக்கியது. ஆங்காங்கே சரிபார்த்து, துறை வெளியீடாக அச்சிட்டும்விட்டோம்.

பிறகு கணினித்துறை கழித்துவிட்ட பழைய கணினி ஒன்று நமது அறைக்கு வந்து சேர்ந்தது. 32 பிட் கணினி அது. லினக்ஸ் வெளியீடுகள் பலவும் அவ்வகைக் கணினிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுவிட்டன. டெபியனும் 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் அதற்கான நிறுவியை நிறுத்திக்கொண்டது. கணினித்துறை மாணவர் ஒருவர், ‘ஐயா, ஓப்பன்பிஎஸ்டி போட்டுப் பார்க்கலாமா?’ என்றார். போட்டோம். கணினி உயிர்பெற்றது. அடைவு நிரலை அதில் கட்டத் தொடங்கினோம். அன்று மாலையே மூன்று தடைகள் வந்தன.

முதல் தடை: நிரலைக் கட்டும் கட்டளைக்கோப்பின் முதல் வரியிலேயே பேஷ் என்னும் ஷெல் இன்ன அடைவில்தான் இருக்கும் என்று எழுதப்பட்டிருந்தது. லினக்ஸில் அது அங்கே இருக்கும். ஓப்பன்பிஎஸ்டியில் பேஷ் அடிப்படைத் தொகுதியைச் சேர்ந்ததன்று. வேண்டுவோர் தனியே நிறுவிக்கொள்ளலாம், அப்போதும் அது இருக்கும் இடம் வேறு. இரண்டாவது: ‘மேக்’ கருவிக்கான கோப்பு, குனு மேக் மட்டுமே அறிந்த தொடர்களால் எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது: கணினியில் எவ்வளவு நினைவகம் உண்டென்று அறிய, லினக்ஸில் மட்டுமே உள்ள ஒரு மெய்நிகர் கோப்பை நிரல் திறந்து பார்த்தது. ஓப்பன்பிஎஸ்டியில் அப்படியொரு கோப்பே இல்லை. மூன்றும் சில்லறைத் தடைகள். இரண்டு மாலைப்பொழுதில் அம்மாணவர் அவற்றை நீக்கினார். நிரல் கட்டப்பட்டது. ஓட்டினோம். பாதியிலேயே முறிந்து விழுந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. பயன்படுத்தி முடித்த நினைவகத்தை நிரல் திருப்பிக் கொடுத்தபின், ஓப்பன்பிஎஸ்டி அதில் வேண்டுமென்றே குப்பையை நிரப்பி வைக்கும். திருப்பிக் கொடுத்ததை மறுபடி எட்டிப் பார்க்கும் ஒழுங்கற்ற நிரல் உடனே அகப்பட்டுக்கொள்ளும். நமது அடைவு நிரல் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஒரு சொல்லின் பாடல் எண்ணை வைத்திருந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்னர் அதே இடத்திலிருந்து எண்ணைப் படித்தது. லினக்ஸ் கணினியில் பெரும்பாலும் பழைய எண் அழியாமல் அங்கேயே கிடந்தது. அதனால் விடை சரியாக வந்தது. சில வேளைகளில் அடுத்த சொல்லின் எண் அங்கே வந்து அமர்ந்துகொண்டது. அப்போதும் நிரல் முறியவில்லை, எச்சரிக்கவில்லை, பிழையான எண்ணை அமைதியாக அச்சிட்டது.

அச்சான நூலை எடுத்துவைத்துப் பாடல் பாடலாக ஒப்பிட்டோம். 23 இடங்களில் எண்கள் தவறு. ஒரு சொல்லைத் தேடிப் போகும் ஆய்வு மாணவனை, அச்சொல்லே இல்லாத பாடலுக்கு நமது நூல் அனுப்பிக்கொண்டிருந்தது. பிழைதிருத்தப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு, எஞ்சிய படிகளில் ஒட்டினோம். முன்பே விற்றுப்போன படிகளில் யார் ஒட்டுவது?

திருத்தங்கள் நான்கையும் நிரலின் பொறுப்பாளருக்கு அனுப்பினோம். விடை வந்தது: ‘லினக்ஸில் யாரும் இப்படி முறையிடவில்லை. உங்கள் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் மிகச் சிலர். அதற்கென்று நிரலில் மாற்றம் செய்தால் பராமரிப்புச் சுமை கூடும். என் கணினியில் ஓடுகிறதே!’

இவ்விடையில் மூன்று வாதங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, அருகிய இயங்குதளம் பொருட்படுத்தத் தக்கதன்று. இரண்டு, அதற்கு இடம் கொடுப்பதால் பெரும்பான்மையோர்க்கு எப்பயனும் இல்லை. மூன்று, சுமை. இவை ஒரு தனிமனிதரின் வாதங்கள் அல்ல. கட்டற்ற மென்பொருள் உலகில் பரவலாக ஒலிப்பவை. சிஸ்டம்டியின் ஆசிரியர்களுள் ஒருவரான லெனார்ட் பொட்டரிங், 2011இல் அளித்த நேர்காணலில் இதையே ஒரு கொள்கையாக எடுத்துரைத்தார். லினக்ஸ் ஒன்றையே மனத்திற்கொண்டு எழுதுங்கள், போசிக்ஸ் பொதுத்தரத்துக்கு இணங்க வேண்டுமென்ற கவலையை விட்டொழியுங்கள், அதில் ஒரு விடுதலை இருக்கிறது என்பது அவர் கூற்றின் சாரம். அவருடைய திறமையை நாம் ஐயுறவில்லை. கொள்கையைத்தான் மறுக்கிறோம்.

*

முதல் வாதத்தை வரலாற்றைக் கொண்டே சோதிப்போம்.

யுனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிடிபி-7 என்னும் ஒரேவகைக் கணினிக்காகப் பிறந்தது. 1973இல் அதன் கருவகத்தைச் சி மொழியில் திருப்பி எழுதினார்கள். 1977இல் ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் அதை இன்டர்டேட்டா 7/32 கணினிக்குப் பெயர்த்தார். ஏறத்தாழ அதே காலத்தில் பெல் ஆய்வகத்திலேயே டென்னிஸ் ரிச்சியும் ஸ்டீபன் ஜான்சனும் அதை இன்டர்டேட்டா 8/32க்குப் பெயர்த்தார்கள். அந்தப் பெயர்ப்பு, தங்கள் நிரலில் எவையெல்லாம் பழைய கணினியின் பழக்கங்கள், எவை உண்மையிலேயே நிரலின் இயல்பு என்று அவர்களுக்குப் பிரித்துக் காட்டியது. யுனிக்ஸ் நிலைத்தது இந்தப் பெயர்ப்புகளால்தான். பிடிபி-7 இன்று காட்சிக்கூடப் பொருள்.

பின்னர் 1980களில் வேக்ஸ் கணினிகள் பல்கலைக்கழகங்களில் கோலோச்சியபோது, உலகமே வேக்ஸ்தான் என்று எண்ணி நிரலெழுதும் பழக்கம் பரவியது. அதை ஒரு சமயப் பிறழ்வாகவே கேலிசெய்து எழுதினார் ஹென்றி ஸ்பென்சர். வேக்ஸும் போயிற்று. அதற்கென்றே எழுதப்பட்ட நிரல்களும் உடன்கட்டை ஏறின. 1988இல் போசிக்ஸ் தரம் வெளிவந்தது இந்தப் பட்டறிவின் பின்னணியில்தான். அப்பெயரைச் சூட்டியவர் வேறு யாருமல்லர், குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன்.

இப்போது 1991க்கு வருவோம். ஆகஸ்டு மாதம் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் புதிய இயங்குதளத்தை அறிவித்தபோது, பேஷ் ஷெல்லின் 1.08 பதிப்பையும் ஜிசிசி கம்பைலரின் 1.40 பதிப்பையும் அதில் ஓடச் செய்துவிட்டதாக எழுதினார். வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். பேஷ் 1989இலும் ஜிசிசி 1987இலும் வெளிவந்தவை. அவற்றை எழுதியோர் லினக்ஸை அறியார்; அது பிறக்கவே இல்லை. சன் கணினிகளையும் வேக்ஸையும் பிறவற்றையும் மனத்திற்கொண்டு, பல தளங்களுக்கும் பொருந்துமாறு எழுதினார்கள். அதனாலேயே ஒரு மாணவர் தம் அறையில் கட்டிய, வேறெவரும் பயன்படுத்தாத இயங்குதளத்தில் அவை ஓடின. அன்று உலகிலேயே மிகவும் அருகிய இயங்குதளம் எது? லினக்ஸ்! ‘உங்கள் தளத்தைப் பயன்படுத்துவோர் மிகச் சிலர்’ என்று பேஷும் ஜிசிசியும் சொல்லியிருந்தால், இன்று நமக்கு அவ்விடையை எழுதியவருக்கு ஓடுவதற்கு ஒரு லினக்ஸ் இருந்திராது. அதே பேஷ், இன்ன இடத்தில் இருந்தே தீரும் என்ற இறுமாப்பில் எழுதிய வரிதான் நமது முதல் தடை. ஏறிவந்த ஏணியை எட்டி உதைப்பது என்பது இதுதான்.

*

இரண்டாவது வாதம், பெரும்பான்மையோர்க்குப் பயனில்லை என்பது. நமது 23 பிழைகளே அதற்கு மறுப்பு. அவை லினக்ஸில் விளைந்த பிழைகள், ஓப்பன்பிஎஸ்டியில் அகப்பட்டவை. இருப்பினும் ஒரு துறையின் பட்டறிவை மட்டும் சான்றாக வைப்பது முறையன்று. உலகறிந்தவற்றையும் பார்ப்போம்.

யாக் என்று ஒரு கருவி. ஒரு மொழியின் இலக்கணத்தை எழுதிக் கொடுத்தால், அம்மொழித் தொடர்களைப் பகுத்தறியும் நிரலை அது ஆக்கித் தரும். மேலே குறித்த ஸ்டீபன் ஜான்சனின் ஆக்கம். 2008இல் ஓப்பன்பிஎஸ்டியின் ஆட்டோ மோர்பீக் நினைவக ஒதுக்கீட்டு முறையைப் புதிதாக எழுதினார். அது வந்தபின் ஸ்பார்க்64 கணினிகளில் பெரிய சி++ நிரல்களைக் கட்டும்போது கம்பைலர் முறிந்து விழுந்தது. காரணத்தைத் தோண்டிப் போனவர், யாக்கின் உள்ளே ஓர் எல்லைமீறல் இருப்பதைக் கண்டார். இன்னும் பின்னோக்கித் தேடினால் அது 1975இன் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பிலேயே இருந்தது. 33 ஆண்டுகள் எல்லாருடைய கணினியிலும் ‘ஓடிக்கொண்டிருந்த’ பிழை, அருகிய இயங்குதளம் ஒன்றில், அருகிய கணினி ஒன்றில் வெளிப்பட்டது.

எழுத்துச்சரங்களை இடத்தின் அளவு மீறாமல் படியெடுக்கவும் இணைக்கவும் இரு செயற்கூறுகளை ஓப்பன்பிஎஸ்டியினர் 1998இல் தந்தார்கள். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி அவற்றை நெடுங்காலம் ஏற்க மறுத்தது. 2023இல் வந்த 2.38 பதிப்பில் ஏற்றுக்கொண்டது. 2024இன் போசிக்ஸ் தரத்திலும் அவை இடம்பெற்றுவிட்டன. பெரிய வீடு சின்ன வீட்டுக்காரனின் சொல்லைக் கேட்க 25 ஆண்டுகள் ஆயின.

கணினியில் காலம், 1970 சனவரி 1 முதல் கழிந்த நொடிகளாக எண்ணப்படுகிறது. அந்த எண்ணை 32 பிட் அளவில் வைத்திருக்கும் தளங்களில் 2038 சனவரி 19 அன்று எண்ணிக்கை நிரம்பிவிடும். நெட்பிஎஸ்டி 2012இலும் ஓப்பன்பிஎஸ்டி 2014 மே மாதத்திலும் தம் 32 பிட் தளங்கள் அனைத்திலும் இதை 64 பிட்டாக்கி வெளியிட்டன. இயங்குதளத்தை மட்டும் மாற்றினால் போதாது. காலத்தைச் சிறிய எண்ணாகவே கருதி எழுதப்பட்ட வெளிநிரல்களையும் தேடித் திருத்த வேண்டும். அத்திருத்தங்களை அவரவர்க்கு அனுப்பியும் வைத்தார்கள். லினக்ஸ் கருவகம் 32 பிட் கணினிகளில் இதற்கு ஆயத்தமானது 2020இல். டெபியன் தன் தொகுப்புகளை மொத்தமாக மாற்றும் பெரும்பணியில் இறங்கியது 2024இல். அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே அருகிய தளத்தார் தம் கைவிளக்கோடு முன்னே நடந்து, வழியில் கிடந்த கற்கள் பலவற்றைப் பொறுக்கிப் போட்டிருந்தார்கள்.

பதிப்புத் துறையில் உழன்றோருக்கு இதில் வியப்பு இராது. ஒரே ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு பதிப்பிப்பவனுக்கு, எது புலவன் வாக்கு, எது ஏடெழுதியவன் கைப்பிழை என்று அறிய வழியில்லை. வேற்றூர் ஏடு ஒன்று கிடைக்கும்போதுதான் பாடபேதம் தெரிகிறது. பாடபேதம் தெரிந்த பிறகே பிழை பிழையென்று புலப்படுகிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பிக்க ஊர் ஊராய் ஏடு தேடி அலைந்தது, கையிலிருந்த ஏடு படிக்கக் கிடைக்கவில்லை என்பதாலா? ‘என் ஏட்டில் இப்படித்தான் இருக்கிறது’ என்று அவர் அமர்ந்துவிடவில்லை. அருகிய இயங்குதளம் நிரலாளனுக்கு வாய்த்த வேற்றூர் ஏடு. அதில் கட்டிப் பார்க்காதவன் தன் நிரலை இன்னும் ஒப்புநோக்கவில்லை என்றே பொருள்.

ஒற்றை ஏட்டின் அபாயம் 2024இல் உலகுக்கே உறைத்தது. எக்ஸ்இசட் என்னும் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒரு கள்ளவழியைப் பொதிந்து வைத்திருந்தார்கள். அதை இயக்கும் தொடக்கக்கண்ணி ஒளிந்திருந்த இடம், நிரலைக் கட்டும் கட்டளைக்கோப்பு; எவரும் படிக்காத பகுதி. கட்டப்படும் தளம் 64 பிட் இன்டெல் வகை லினக்ஸா, பெருவழக்கான இரு தொகுப்பு முறைகளுள் ஒன்றா என்று பார்த்து, ஆம் எனில் மட்டுமே அது விழித்தெழும். லினக்ஸ் வெளியீடுகள் சில, ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலில் தாமாகச் சேர்த்த ஒட்டின் வழியாகக் கணினிக்குள் நுழைவது அதன் நோக்கம். உள்நுழைவு அரை நொடி தாமதிப்பதை உணர்ந்து துருவிய ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். பிஎஸ்டி தளங்கள் தப்பியது அவற்றின் கற்பினால் என்று நாம் சொல்ல வரவில்லை. கள்வன் அவற்றைக் குறிவைக்கவே இல்லை. ஆனால் பாடம் தெளிவு: எல்லாரும் ஒரே பூட்டைப் போட்டால் கள்வனுக்கு ஒரே சாவி போதும். உலகெங்கும் தொலைக் கணினிகளுக்குள் நுழையப் பயன்படும் அந்த ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலே, 1999இல் ஓப்பன்பிஎஸ்டியின் ஒரு பகுதியாகப் பிறந்ததுதான் என்பதையும் பயனில்லை என்போர் நினைவிற்கொள்க.

*

மூன்றாவது வாதம் சுமை. இதில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்து வழக்காடுவது நேர்மையன்று. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு விதிவிலக்கு, விதிவிலக்குக்கு ஒரு விதிவிலக்கு என்று அடுக்கினால் நிரல் படிக்கவே ஒவ்வாத காடாகிவிடும். 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபின் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலைக் கையிலெடுத்த ஓப்பன்பிஎஸ்டியினர் லிப்ரெஎஸ்எஸ்எல் என்று அதைக் கிளைத்தபோது, விஎம்எஸ், 16 பிட் விண்டோஸ் போன்ற மறைந்த, மறையும் தளங்களுக்கான பகுதிகளை வெட்டி எறிந்தார்கள். ‘அருகிய தளத்தாரே மற்றொரு அருகிய தளத்தைக் கைவிட்டார்களே?’ என்று நம்மை மடக்கலாம்.

மடங்க மாட்டோம். அவர்கள் செய்ததன் முழுமையைப் பார்க்க வேண்டும். நடுவிலுள்ள நிரலைப் பொதுத்தரத்துக்கேற்பத் தூய்மையாக வைத்துக்கொண்டார்கள். பிற தளங்களுக்கு வேண்டிய இணக்கங்களை அதற்கு வெளியே, பெயர்வுப் பதிப்பு என்னும் மெல்லிய அடுக்கில் வைத்தார்கள். ஓப்பன்எஸ்எஸ்எச்சும் அவ்வாறே லினக்ஸுக்கும் பிறவற்றுக்கும் செல்கிறது. மூலபாடத்துக்குள் உரையைச் செருகாமல், உரையைத் தனியே எழுதும் முறை இது. சுமையைக் குறைக்கும் வழி தரத்தைக் கைவிடுவதில் இல்லை, தரத்தைப் பற்றுவதில் இருக்கிறது.

அன்றியும், சுமையை உண்மையில் சுமப்போர் யார்? நெட்பிஎஸ்டியினர் 1997இல் தொடங்கிய பிகேஜிஎஸ்ஆர்சி தொகுதி, சோலாரிஸ், மேக், லினக்ஸ் எனப் பல தளங்களிலும் நிரல்களைக் கட்ட உதவுகிறது. ஃப்ரீபிஎஸ்டியின் தொகுதியில் 30,000க்கும் மேற்பட்ட நிரல்கள் உள்ளன. இவற்றில் எத்தனையோ நிரல்களுக்குப் பிறர் செய்யாமல் விட்ட திருத்தங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மீண்டும் மீண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிரலாளர்களிடம் ஓப்பன்பிஎஸ்டி கணினி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுமாறு நாம் கேட்கவில்லை. கேட்பது இரண்டே. பொதுத்தரம் ஒன்று இருக்கும்போது அதன்படி எழுதுங்கள். சோதித்துத் திருத்திய ஓர் ஒட்டை ஒருவர் கொண்டுவந்து தரும்போது, அவருடைய ஊர்ப்பெயரைக் கேட்டுக் கதவைச் சாத்தாதீர்கள்.

*

தமிழ் வாசகர்களுக்கு இது அயலார் பூசலாகத் தோன்றக்கூடாது. 2004இல் நமது ஆய்வேட்டை ஒரு தனியார் எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அன்று எல்லாரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ‘வேறு கணினியில் தெரியவில்லையே’ என்று கேட்டவர்களிடம் ‘எங்களுக்குத் தெரிகிறதே’ என்று நாமும் சொல்லியிருக்கிறோம். ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இருந்தது. ஆயினும் டிஸ்கி, டேப், டேம் என்றும் அவரவர் சொந்தக் குறிமுறை என்றும் சிதறிக் கிடந்தோம். தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது 2010இல். இன்று அந்த ஆய்வேட்டின் கோப்பைத் திறந்தால், இலத்தீன எழுத்துகளும் கோடுகளும் புள்ளிகளும் கலந்த குழப்பம். அச்சுப்படி ஒன்று அலமாரியில் இருப்பதால் பிழைத்தோம். அந்நாளில் லினக்ஸில் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க முயன்ற நண்பர்கள், ‘விண்டோஸ் வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற விடையைக் கேட்டுக் கேட்டு வெந்தார்கள். அன்று வெந்தவர்களின் வழிவந்தோரே இன்று அதே விடையைப் பிறருக்குச் சொல்வதுதான் நம்மைச் சுடுகிறது.

மூலநிரலைப் பார்வைக்கு வைப்பதால் மட்டும் ஒரு நிரல் திறந்ததாகிவிடாது. எடுத்துச் சென்று தன் வீட்டில் கட்டிக்கொள்ள இயலாதவனுக்கு அது கண்ணாடிப் பேழைக்குள் வைத்த ஏடுதான். பார்க்கலாம், படியெடுக்க முடியாது.

நமது திருத்தங்கள் இன்னும் ஏற்கப்படவில்லை. அந்நிரலின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அம்மாணவர் நான்கு ஒட்டுகளையும் மீண்டும் இட்டுக் கட்டித் தருகிறார். சொல்லடைவின் இரண்டாம் பதிப்பு அந்தப் பழைய கணினியில்தான் ஆயத்தமாகிறது. வேறு யாரேனும், வேறு ஏதேனும் நூலுக்கு, லினக்ஸ் கணினியில் அதே நிரலைக் கொண்டு அடைவு ஆக்கிக்கொண்டிருக்கக் கூடும். அவருடைய கணினியில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். எண்களை மட்டும் அவர் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.